பொருளை வாங்குகிறோமா, உறவை வாங்குகிறோமா?



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பினாங்குக் கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பலகையில் லெபோ பாசார் என்று எழுதியிருக்கும். நமக்கு அது என்றைக்கும் கடைத்தெருதான். தோட்டத்துக் கூட்டமும் பட்டணத்துக் கூட்டமும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கும். ஒரே மாதிரிச் சேலை நாலு கடையில் தொங்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இராது. ஆனாலும் ஒரு குடும்பம் மூன்று கடைகளைத் தாண்டி நாலாவது கடைக்குள் நுழையும். ஏனென்று கேட்டால், "எங்கள் மாமியார் காலத்திலிருந்தே இங்கேதான் எடுக்கிறோம்" என்பார்கள். "கடைக்காரர் நம் பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரிப்பார்" என்பார்கள். சேலையின் நூலைப் பற்றியோ சாயத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது.

இது அறியாமை என்று சிரித்துவிடாதீர்கள். மனிதன் ஏன் வாங்குகிறான், யாரிடம் வாங்குகிறான், ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறான் என்ற கேள்விகளையே தம் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் நம் சென்னையில் படித்து வளர்ந்தவர். அவர் கண்டு சொன்னதை உங்களுக்குச் சொல்லி, அதிலிருந்து நம் குடும்பத்துக்கு என்ன பயன் என்று பார்ப்பதே இந்த இதழில் என் வேலை.

அகதிப் பிள்ளை பேராசிரியரான கதை

அவர் பெயர் ஜகதீஷ் சேத். 1938-ல் பர்மாவில், ரங்கூனில், ஒரு குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். ஜப்பான்காரன் போர் நம் மலாயாவை மட்டுமா ஆட்டி வைத்தது? 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது. அதே மாதத்தில் ரங்கூனிலும் விழுந்தது. பர்மாவில் பிழைத்துக்கொண்டிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாயகம் திரும்பினார்கள். சேத்தின் குடும்பமும் அப்படி அகதியாகத் திரும்பிய குடும்பம்தான்.

பையன் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்தார். பிறகு அமெரிக்கா போய்ப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1962-ல் எம்.பி.ஏ. பட்டமும் 1966-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹோவர்டுடன் சேர்ந்து 1969-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். வாங்குவோர் நடத்தையைப் பற்றிய அந்தக் கோட்பாடுதான் அவர் பெயரை உலகத்துக்குச் சொன்னது. பின்னர் இல்லினாய், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களில் பணியாற்றிவிட்டு, 1991-ல் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்திய அரசாங்கம் 2020-ல் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

மூன்று விதமாக வாங்குகிறோம்

அந்த 1969-ஆம் ஆண்டுப் புத்தகம் படிப்பாளிகளுக்காக எழுதப்பட்டது. அதன் சாரத்தை நம் வீட்டு உதாரணத்தோடு சொல்கிறேன்.

முதன்முதலாக வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் குடும்பத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கும், கெட்டுப்போனால் யார் பழுதுபார்ப்பார் என்று கேட்கிறார்கள். இது நன்றாக யோசித்து வாங்குவது.

அடுத்தது சோப்பு மாற்றுவது போன்ற காரியம். சோப்பு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். புதுசாக ஒன்று வந்திருக்கிறது, அதை எடுக்கலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் யோசித்தால் போதும்.

மூன்றாவது, மாதாமாதம் அரிசி வாங்குவது. அங்கே யோசனையே இல்லை. கை தானாகப் போய் அதே மூட்டையைத் தொடும். போன தடவை திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியே இந்தத் தடவை யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது.

இந்த மூன்றாவது நிலைக்கு நம்மைக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பதே ஒவ்வொரு வியாபாரியின் ஆசை. நாம் யோசிப்பதை நிறுத்தும் இடத்தில்தான் அவருடைய வியாபாரம் நிலைபெறுகிறது. இதில் குற்றமில்லை. உப்பு வாங்குவதற்கெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் உலை எப்போது கொதிக்கும்? ஆனால் குளிர்சாதனப் பெட்டியை உப்பு மாதிரி வாங்கினால்தான் ஆபத்து.

இன்னொன்றும் அந்தப் புத்தகம் சொன்னது. வாங்குபவர் மனத்துக்குள் செய்தி மூன்று வழியாக நுழைகிறது. பொருளின் தரமும் விலையும் ஒரு வழி. விளம்பரம் ஒரு வழி. குடும்பம், நண்பர், நாம் சேர்ந்திருக்கும் கூட்டம், இவை மூன்றாவது வழி. நம்முடைய அனுபவத்தில், இந்த மூன்றாவது வாசலுக்குத்தான் நாம் தாழ்ப்பாளே போடுவதில்லை.

பள்ளிப் பை சொன்ன பாடம்

1991-ல் சேத், புரூஸ் நியூமன், பார்பரா குரோஸ் என்ற இருவரோடு சேர்ந்து இன்னொரு கோட்பாட்டை வெளியிட்டார். நாம் வாங்கும் எந்தப் பொருளுக்குள்ளும் ஐந்து விதமான மதிப்பு இருக்கலாம் என்றார்கள். இதை என் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டில் பதினோரு பிள்ளைகள். "உங்கள் புத்தகப் பையை ஏன் வாங்கினீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"பழைய பை கிழிந்துவிட்டது, ஐயா" என்றான் ஒருவன். இது பயனுக்காக வாங்கியது.

"இந்தப் படம் போட்ட பையைத்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்" என்றாள் ஒரு சிறுமி. இது சமூகத்துக்காக வாங்கியது.

"அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவர் வரும்போது வாங்கி வந்தார்" என்றாள் இன்னொருத்தி. சொல்லும்போதே பையை ஒரு தடவை தடவிக்கொண்டாள். இது உணர்ச்சி மதிப்பு.

"இதில் சக்கரம் இருக்கிறது, ஐயா. இழுத்துப் பார்க்க ஆசை" என்றான் ஒருவன். புதிதாக ஒன்றை அறிந்துகொள்ளும் ஆவல்.

"பள்ளி திறக்கும்போது மலிவு விற்பனை போட்டார்கள்" என்றான் மற்றொருவன். சந்தர்ப்பம் வாங்க வைத்தது.

பேராசிரியர்கள் வகுத்த ஐந்தும் பத்து நிமிஷத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தன! பதினோரு பேரில், பழையது கிழிந்ததற்காக வாங்கியவர்கள் நாலு பேர்தான். மற்ற ஏழு பேருக்கும் பை ஒரு சாக்கு. உண்மையில் வாங்கியது வேறொன்று.

இதைப் படித்துவிட்டு, "பயனைத் தவிர மற்றதெல்லாம் வீண்" என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சிறுமிக்கு அப்பா வாங்கி வந்த பை வீணா? தாலிக்குத் தங்கம் வாங்குவதை எடை போட்டா பேசுவோம்? வாங்கக் கூடாது என்பதல்ல விஷயம். எதற்காக வாங்குகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து வாங்கினால் அது நம் விருப்பம்; தெரியாமல் வாங்கினால் வேறொருவரின் விருப்பம்.

'வாடிக்கை' என்ற நம் சொல்

இனி உறவுக்கு வருகிறேன். 1995-ல் சேத், அதுல் பர்வதியார் என்பவரோடு சேர்ந்து, வாங்குபவரும் விற்பவரும் உறவு கொள்வதைப் பற்றி எழுதினார். நிறையப் பொருள்கள் குவிந்து கிடக்கும்போது மனிதன் தன் தேர்வைத் தானே சுருக்கிக்கொள்கிறான் என்பது அவர்கள் கருத்து. ஒரே கடையில் வாங்கினால் தலைவலி குறைகிறது. ஏமாறும் பயமும் குறைகிறது. அதோடு, குடும்பமும் கூட்டாளிகளும் சமயமும் "இங்கே போ" என்று நம்மை நடத்துகின்றன.

நம் மொழி இதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. 'வாடிக்கை' என்றால் பழக்கம். கடைக்கு வருபவரையும் 'வாடிக்கைக்காரர்' என்றுதான் சொல்கிறோம். பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் உறவையும், கடையில் பேசுவது போல, 'கொள்வினை கொடுப்பினை' என்கிறோம். வாங்கலும் கொடுத்தலும் உறவும் நமக்கு எப்போதுமே பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான்.

பழைய தோட்டத்துக் கடையை நினைத்துப் பாருங்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் அதில் பற்று எழுதப்படும். சம்பள நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்காரர் பத்து வெள்ளியைக் கையில் கொடுத்து அதையும் எழுதிக்கொள்வார். மழை பெய்து பால்வெட்டு இல்லாத மாதத்தில், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்.

அந்தக் காலத்துக் கடை எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டணத்தைவிட விலை கூடுதல். தராசு சாய்ந்த கதைகளும் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் வேறு கடை வாசலை மிதிக்க முடியாமல் போன குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த உறவில் ஒரு விஷயம் இருந்தது. நம் வீட்டில் கஷ்டம் வந்தால் கடைக்காரருக்கும் கொஞ்சம் வலித்தது. நாம் கொடுக்காவிட்டால் அவருடைய பணமும் சிக்கிக்கொள்ளும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போவோம். நம் வீட்டுச் சாவுக்கு அவர் வருவார்.

சேத்தும் பர்வதியாரும் இதே ஆண்டில் இன்னொரு கட்டுரையில் காட்டியது இதுதான்: ஆலைகள் வருவதற்கு முன் செய்தவனும் வாங்கியவனும் நேருக்கு நேர் பழகினார்கள். ஆலை வந்து, இடையில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று பலர் வந்து, அந்தப் பழக்கம் அறுந்தது. இப்போது கணினியின் துணையால் கம்பெனிகள் மறுபடி நம்மோடு நேரடியாகப் பேசத் தொடங்குகின்றன என்றார்கள். இன்று நம் கைத்தொலைபேசியைத் திறந்தால் அது உண்மையென்று தெரிகிறது. நம் பிறந்த நாளுக்கு நம் சின்னம்மா மறந்தாலும் துணிக்கடை மறப்பதில்லை!

கணக்கு உறவும் சொந்த உறவும்

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 1979-ல் மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியல் அறிஞர்கள் மனித உறவுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று கணக்கு உறவு. கொடுத்ததற்குத் திரும்பப் பெறுவது. மற்றொன்று சொந்த உறவு. தேவை பார்த்துக் கொடுப்பது, கணக்குப் பார்க்காதது.

பக்கத்து வீட்டு அக்காள் ஒரு குவளை சீனி வாங்கிப் போகிறார். அரை மணி நேரத்தில் காசைக் கொண்டுவந்து நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? "என்ன, என்னைக் கடைக்காரி ஆக்கிவிட்டீர்களே" என்று மனம் சுருங்கும். அதே காசைக் கடையில் கொடுக்காமல் வந்தால் அது கடன். உறவு மாறினால் நியாயமும் மாறுகிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கொடுக்கும்போது சொந்தம், எழுதும்போது கணக்கு. அதனால்தான் மொய்யில் வரும் மனத்தாங்கல் லேசில் ஆறுவதில்லை.

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பங்கஜ் அகர்வால் இந்த அளவுகோலை எடுத்துக் கம்பெனிகள் மேல் வைத்துப் பார்த்தார். 2004-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு நிறுவனத்தைச் சிலர் சொந்தக்காரர் போலவும் சிலர் வெறும் வியாபாரி போலவும் நினைத்துக்கொள்ளும்படி செய்தார். பிறகு, அவர்கள் கேட்ட ஓர் உதவிக்கு அந்த நிறுவனம் கட்டணம் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தார். வியாபாரியாக நினைத்தவர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சொந்தமாக நினைத்தவர்களுக்குத்தான் அதிகக் கசப்பு.

இதை வாசகர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஒரு கம்பெனி சொல்லும்போது நாம் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். ஆனால் கம்பெனி நிறுத்துவதில்லை. இரண்டு தவணை தவறட்டும். குடும்பத்திலிருந்து நமக்கு நோட்டீஸ் வரும்!

வெள்ளை உடுப்பில் வந்த வியாபாரம்

உறவை வேஷமாகப் போட்டுக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பால் குடித்த குழந்தைகள் சாவதைக் கண்டார். 1939-ல் அங்கே ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, அப்படிப்பட்ட விளம்பரத்தைக் கொலைக்குச் சமம் என்றே கண்டித்தார். அப்படியும் நிற்கவில்லை. 1970-களில் மலேசியாவிலும் பால்மாவுக் கம்பெனிகளின் விற்பனைப் பெண்கள், தாதியைப் போல வெள்ளை உடுப்பு அணிந்து, ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் பிள்ளை பெற்ற தாய்மார்களைச் சந்தித்தார்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாதியைவிட நம்பிக்கையான ஆள் யார்? அவள் பால்மாவை வாங்கவில்லை. அந்த வெள்ளை உடுப்பை நம்பினாள். இலவச டின் தீர்ந்தபோது தாய்ப்பால் வற்றிவிட்டது. இனி டின்னுக்குக் காசு வேண்டும். காசு போதாத வீட்டில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். தண்ணீரோ கொதிக்க வைக்காத தண்ணீர்.

இதை எதிர்த்து எழுந்தவர்களில் பினாங்கு முன்னணியில் நின்றது. ஹோவர்டும் சேத்தும் அந்தப் புத்தகத்தை வெளியிட்ட அதே 1969-ல்தான் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பிறந்தது. ஆளை வாங்க வைக்கும் வித்தையை அங்கே எழுதினார்கள்; வாங்குபவரைக் காக்கும் வேலையை இங்கே தொடங்கினார்கள். தாமே வணிகராயிருந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராக நெடுங்காலம், 2019-ல் தமது 92-ஆவது வயதில் மறையும் வரை, உழைத்தார். சங்கத்தின் தொடக்ககால உழைப்பாளிகளில் ஒருவரான அன்வர் ஃபசால் 1978 முதல் 1984 வரை உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்கே தலைவரானார். குழந்தை உணவுக்கான அனைத்துலகச் செயல் வலையமைப்பு 1979-ல் உருவானதில் அவருக்கும் பங்குண்டு. 1981 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, பால்மா விற்பனைக்கு ஒரு நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே. விற்பனையாட்கள் தாய்மாரை நேரில் அணுகக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்பவை அந்த நெறிமுறையில் உள்ளவை. மார்ச் 15-ஐப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடும் வழக்கமும் அன்வர் ஃபசாலின் யோசனையால் 1983-ல் தொடங்கியது.

சொந்தக்காரர் கொண்டுவந்த இயந்திரம்

வெள்ளை உடுப்பு போய்விட்டது. ஆனால் வேஷம் போகவில்லை. இப்போது நம் சொந்தக்காரரின் முகத்திலேயே வருகிறது.

எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்று. ஒரு தாயாரின் வீட்டுக்கு அவருடைய நாத்தனார் முறையுள்ளவர் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாதத் தவணை. "நீ வாங்கினால் எனக்கு ஒரு படி ஏறும். நீயும் நாலு பேரைச் சேர்த்தால் இயந்திரம் இனாம் மாதிரி" என்றார். தாயாருக்கு இயந்திரம் தேவையில்லை. ஆனால், "வேண்டாம் என்றால் அண்ணன் வீட்டில் என்ன நினைப்பார்கள்?" என்று கையெழுத்துப் போட்டார். அவரால் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. எட்டாவது மாதம் தவணை நின்றது. கம்பெனியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைவிட நாத்தனாரின் மௌனம்தான் அவரை வாட்டியது. இப்போது இரண்டு குடும்பமும் ஒரு கோயில் திருவிழாவில் எதிரெதிரே நின்றாலும் பேசுவதில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார வைத்தால் ஒன்று நகர்ந்து உட்காருகிறது.

கணக்குப் பாருங்கள். அந்தக் கம்பெனி விற்றது இயந்திரத்தையா? அண்ணன் தங்கை உறவை எடுத்து விற்றுவிட்டது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பலாம். மற்றதை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

நேரடி விற்பனை எல்லாமே மோசம் என்று பொதுவாகச் சொல்வது நியாயமாகாது. ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆளைச் சேர்ப்பதில்தான் பணம் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தகைய பிரமிட் திட்டங்கள் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம்.

பேராசிரியரே கேட்ட கேள்வி

கம்பெனிகளுக்கு வழி சொல்லிக் கொடுத்தவர் என்று சேத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. 2006-ல் ராஜ் சிசோடியாவோடு சேர்ந்து அவர் தொகுத்த புத்தகம் ஒன்றின் தலைப்பே, மார்க்கெட்டிங்குக்குச் சீர்திருத்தம் வேண்டுமா என்ற கேள்விதான். தம் சொந்தத் துறையைப் பார்த்து இப்படிக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

2011-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து, கவனத்தோடு நுகர்வது பற்றி எழுதினார். மூன்று விதமான வாங்கலைத் தணிக்க வேண்டும் என்றார்கள். குவித்து வைப்பதற்காக வாங்குவது ஒன்று. இருப்பதைத் தூக்கிப் போட்டுத் திரும்பத் திரும்ப வாங்குவது இரண்டு. மற்றவரைப் போல ஆக வேண்டும், அவரை மிஞ்ச வேண்டும் என்று வாங்குவது மூன்று. தன்னிடமும் சமுதாயத்திடமும் இயற்கையிடமும் அக்கறை இருந்தால் இந்த மூன்றும் தணியும் என்றார்கள்.

நம் வீடுகளில் மூன்றாவதுதான் பெரிய செலவு. பெண் பிள்ளை வயதுக்கு வந்த சடங்குக்கு மண்டபம்; பக்கத்து வீட்டார் 300 பேரை அழைத்தால் நாம் 500 பேர். பந்தல் பிரிக்கும்போது கடன் மட்டும் பிரியாமல் நிற்கும்.

வீட்டுக்கு ஐந்து கேள்விகள்

வாத்தியார் என்றால் கேள்வி கேட்காமல் விடுவாரா? பெரிய சாமான் வாங்கும்போதும், தவணைக்குக் கையெழுத்துப் போடும்போதும், வீட்டிலுள்ளவர்கள் சேர்ந்து உட்கார்ந்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: இது இல்லாமல் இந்த மாதம் எந்த வேலை நின்றுபோகும்?

இரண்டு: இந்தப் பொருளை முன்பின் தெரியாத ஒருவர் இதே விலைக்குக் கொண்டுவந்தால் வாங்குவோமா? மாட்டோம் என்றால், நாம் வாங்குவது பொருளையல்ல, ஆளை.

மூன்று: விற்பவர் காட்டும் பாசத்துக்கு அவருக்கு என்ன செலவு? நமக்கு வேலை போனால் ஒரு மாதம் பொறுப்பாரா? பொறுப்பார் என்றால் அது உறவு. இல்லையென்றால் அது நல்ல பேச்சு.

நான்கு: மாதத் தவணையைச் சொன்னார்கள், மொத்தம் எவ்வளவு என்று சொன்னார்களா? பெருக்கிப் பாருங்கள். பிள்ளைகளைப் பெருக்கச் சொல்லுங்கள்; அவர்களுக்கும் பயிற்சி.

ஐந்து: "இன்றைக்கே" என்று ஏன் அவசரப்படுத்துகிறார்கள்? நாளைக்கு வாங்கினால் கெட்டுப்போவது மீன் ஒன்றுதான்.

சொந்தக்காரருக்கு மறுப்புச் சொல்வது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். "அக்கா, உங்களுக்கு உதவி வேண்டுமென்றால் என்னால் முடிந்த 50 வெள்ளியைச் சும்மா தருகிறேன். இதில் மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சொந்தத்தைச் சொந்தமாகவும் கணக்கைக் கணக்காகவும் வைத்துக்கொள்ள இதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை. 50 வெள்ளி போனாலும் திருவிழாவில் முகம் பார்த்துப் பேசலாம்.

ஏமாந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்லி, தவணைகளைச் சீரமைக்க உதவுகிறது. வட்டிக்காரரைத் தேடிப் போவதற்கு முன் அங்கே போங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டில் கடைசியாக வாங்கிய பத்துப் பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். பயன், சமூகம், உணர்ச்சி, ஆவல், சந்தர்ப்பம் என்ற ஐந்தில் எதற்காக வாங்கினோம் என்று எதிரே குறியுங்கள். கணவரும் மனைவியும் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல! ஆனால் ஒருவர் விலை பார்த்து வாங்கியதையும், மற்றவர் ஆசை வைத்து வாங்கியதையும் இரண்டு பேரும் தெரிந்துகொள்வீர்கள். அது சண்டையைவிட லாபம்.

என்ன கண்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.